எங்கள் பக்கம் சார்ஜ் இல்லை

போன திங்கட்கிழமை காலை. பீடோங் சிக்னலில் என் தம்பி மணியத்தின் ஸ்கூல் வேன் நின்றுகொண்டிருந்தது. கை காட்டலாம் என்று பார்த்தால்... ஸ்டீயரிங்கில் வேறு ஆள்!

யாரோ சம்பளத்துக்கு வந்த ஆள். காதில் வயர் மாட்டிக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். மணியம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஏதோ ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில். என்னைக் கடந்துதான் வேன் போனது. அவன் பார்த்ததாகத் தெரியவில்லை.

சொந்த வேன், சார். லோன் கட்டி முடித்த வேன். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளை இருபது வருஷமாக ஏற்றி இறக்குகிறான். முதலில் ஏற்றிய பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது ஏறுகின்றன. அப்படிப்பட்டவன் தன் வேனிலேயே பயணி மாதிரி உட்கார்ந்து வருகிறான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு கண்ணால்.

அந்தக் கண் போனதற்குக் காரணம் வியாதி இல்லை. ஒரு பேங்க் கட்டணம். சிரிக்காதீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு யார்மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.

மணியத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. ராத்திரியில் எதிரே வரும் காடி லைட் எல்லாம் பெரிய பூவாகத் தெரிகிறது என்றான். மழையில் ரோட்டுக் கோடு தெரியவில்லை என்றான். ஸ்கூல் வேன் லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் கண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு குறைவு, வரிசை பெரிது. அடுத்த வருஷத்துக்குத்தான் தேதி கொடுத்தார்கள். பிரைவேட்டில் விசாரித்தோம். ஒரு கண்ணுக்கு அவர்கள் சொன்ன தொகையில் மூன்று பேர் திருச்சிக்குப் போய், இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு, மலைக்கோட்டையும் ஏறிவிட்டு வந்துவிடலாம். அப்படிப் போய் வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. சரி, கிளம்பலாம் என்றோம்.

மூன்று பேர் யார்? மணியம், அவன் மனைவி விஜயா, துணைக்கு நான். விஜயா லூனாஸ் பக்கம் கையுறை ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். வீட்டின் நிதியமைச்சர் அவள்தான். என் தம்பி சம்பாதிப்பான், அவள் எண்ணுவாள். அவள் போட்ட திட்டம் சுத்தமானது. ஃபேக்டரிப் பெண்கள் மாதாமாதம் சேர்த்துக் கட்டி முறைவைத்து எடுக்கும் குத்துப் பணம் மூவாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட், அவள் கைக்கு வந்திருந்தது. அதை இந்திய ரூபாயாக மாற்றி முதல் கண்ணுக்கும் லாட்ஜுக்கும் சாப்பாட்டுக்கும். இரண்டாவது கண்ணுக்கு அவளுடைய கிரெடிட் கார்டு. ஐயாயிரம் வெள்ளி வரை எடுக்கலாம். ஒரு காசு பாக்கி இல்லாமல் அவசரத்துக்கென்று வைத்திருந்த கார்டு.

இதில் எங்கே ஓட்டை? எங்கேயும் இல்லை.

ஆனால் ஃப்ளைட் சனிக்கிழமை. விஜயாவுக்கு லீவு கிடைத்தது வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்த பிறகு. காசு மாற்ற இருந்த ஒரே நேரம் அந்தச் சாயங்காலம்தான். நான் காடியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் ஹார்ன் அடித்தேன். குளித்து, தலைக்குத் துண்டு கட்டி, நெற்றியில் குங்குமத்தோடு வந்து ஏறினாள்.

“காசு எடுத்துக்கிட்டியா?”

“ஐயோ அக்கா! விளக்கேத்திட்டேன் லா!”

உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக் காசு வாசலைத் தாண்டக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டாலே நாளைக்கு வா என்பாள். இதில் மூவாயிரம் வெள்ளியை சாமி ரூமிலிருந்து எடுத்து, ஊரான் கையில் கொடுப்பாளா? அதுவும் புருஷன் கண்ணுக்கு ஆபரேஷன் என்று போகிற நேரத்தில்?

நானாவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தானே! நானும் தலையாட்டினேன்.

“பரவால்லக்கா. கடையில கார்டு எடுப்பாங்களாம். கார்டுல போட்டுடலாம். காசு வீட்டுலயே இருக்கட்டும். வந்ததும் எடுத்து பேங்குல கட்டிட்டா முடிஞ்சிச்சு. ஒரு மாசம் வரைக்கும் வட்டி கிடையாதுல்ல?”

கிடையாதுதான். துணி வாங்கினால் கிடையாது. டயர் வாங்கினால் கிடையாது. ஐஸ் பெட்டி வாங்கினால் கிடையாது. நாங்கள் வாங்கப் போனது ரூபாய்.

சுங்கை பட்டாணியில் நாங்கள் வழக்கமாகப் போகும் பணமாற்றுக் கடை நம் தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவருடையது. அவர்கள் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள். எங்களுக்கும் அவர் நானாதான். நல்ல மனிதர். ரேட்டில் ஒரு காசு ஏமாற்ற மாட்டார். கவுன்டரில் புதிதாக ஒரு கார்டு மெஷின் உட்கார்ந்திருந்தது.

“கார்டு எடுப்பீங்களா நானா?” என்று கேட்டாள் விஜயா.

“இப்பதாம்மா வச்சிருக்கோம். தாராளமா.”

“சார்ஜ் ஏதும் உண்டா?”

கேட்டாள், ஐயா! இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என் தம்பி பெண்டாட்டி கேட்காமல் போகவில்லை. நாக்கைப் பூட்டி வைத்துவிட்டு பிறகு அழுகிற ஆள் அவள் இல்லை. வாய் திறந்து, தமிழில், தெளிவாகக் கேட்டாள்.

“எங்க பக்கம் சார்ஜ் ஒண்ணும் இல்லம்மா,” என்றார் நானா.

அது சத்தியமான வார்த்தை. அவர் பக்கம் சார்ஜ் இல்லை. இன்னொரு பக்கம் என்று ஒன்று இருப்பது அவருக்கே தெரியாது. மெஷின் கொண்டுவந்து வைத்தவன் அவரிடம் சொல்லவில்லை. அவனிடம் யார் சொன்னார்களோ இல்லையோ!

மெஷின் பீப் என்றது. சீட்டு வந்தது. விஜயா ரூபாய்க் கட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டு லட்சுமி வீட்டிலேயே இருக்கிறாள், ரூபாயும் வந்துவிட்டது. அவளுக்கு அன்றைக்கு அவ்வளவு திருப்தி.

விடிவதற்கு முன்பே பினாங்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. வீட்டைப் பூட்டும்போது எனக்கு ஏனோ மனசு கேட்கவில்லை.

“விஜயா, அந்தக் காசையும் கையில எடுத்துக்கயேன். சனிக்கிழமை ஆயிடுச்சே,” என்றேன்.

வானத்தைப் பார்த்தாள். இருட்டு.

“இன்னும் விடியலக்கா. விடிஞ்சாத்தான் சனிக்கிழமை.”

நமக்கு நாள் பிறப்பது சூரியன் வந்த பிறகுதானே? அவள் சொன்னதில் என்ன தப்பு? பூட்டைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, காடியில் ஏறினாள். மணியம் முன் சீட்டில் உட்கார்ந்து, “ரெண்டு பொம்பளைங்களும் பஞ்சாங்கம் பாத்து முடிச்சாச்சா? ஃப்ளைட்டு நமக்காக நிக்காது லா,” என்று கிண்டல் பண்ணினான். அன்றைக்கு அவனுக்குக் கிண்டல் வந்தது.

திருச்சியில் முதல் கண் பிரமாதமாக முடிந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் மணியம் சுவரில் இருந்த காலண்டரைத் தேதியோடு வாசித்தான். ராகுகாலம் எத்தனை மணிக்கு என்பதையும் வாசித்தான். அப்புறம் விஜயாவைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னடி இது, இவ்வளவு நரைச்சுப் போயிருக்க! எங்கிட்ட சொல்லவே இல்ல?”

நர்ஸ் பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். விஜயா வெட்கப்பட்டு முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாகிறது. லாட்ஜுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் உட்கார்ந்து கடை போர்டுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தான் என் தம்பி. ஆட்டோக்காரர் இவன் என்ன லூசா என்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சில நாள் இடைவெளி விட்டு, அடுத்த கண் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு ஃப்ளைட். டாக்டரிடம் முதலிலேயே கேட்டுத்தான் டிக்கெட் போட்டிருந்தோம். மாற்ற முடியாத மலிவு டிக்கெட்.

வியாழக்கிழமை காலையிலேயே மணியத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பச்சைச் சட்டை மாட்டி, கண்ணில் சொட்டு மருந்து விட்டு, புருவத்துக்கு மேலே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இந்தக் கண்தான் என்று டாக்டருக்கு அடையாளம். “பில்லை மட்டும் கட்டிட்டு வந்திடுங்கம்மா, இன்னைக்கு ஆபரேஷன் லிஸ்ட் உள்ள போகணும்,” என்றார் நர்ஸ்.

விஜயா கவுன்டருக்குப் போனாள். பின்னால் நான். அவள் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கு இது: ஐயாயிரத்தில் மூவாயிரம் போனால் மிச்சம் இரண்டாயிரம். இந்தக் கண்ணுக்கு நம் காசில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். நூறு வெள்ளி மிஞ்சும். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. தப்பே இல்லாத கணக்கு.

கார்டைச் செருகினார் கவுன்டர் தம்பி. மெஷின் யோசித்தது.

“மேடம், டிக்ளைன்னு வருது.”

“அப்படின்னா?”

“எடுக்கலை மேடம். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?”

போட்டார். எடுக்கவில்லை. கார்டைச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டார். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று மெஷின் சொல்லுமா? சொல்லாது. காசு பற்றவில்லையா, கார்டு கெட்டுப்போனதா, உன் முகம் பிடிக்கவில்லையா — ஒன்றும் சொல்லாது. எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான்.

விஜயா கவுன்டர்மேல் குனிந்தாள். “இன்னொரு வாட்டி போடுங்க தம்பி... ப்ளீஸ்,” என்றாள். நாலாவது தடவை. அவ்வளவுதான். ஊரைவிட்டு ஊர் போய் ஒரே தொகையைத் திரும்பத் திரும்ப இழுத்தால் பேங்குக்குச் சந்தேகம் வருமாம். யாரோ திருடன் என்று நினைத்து கார்டையே பூட்டிவிட்டார்கள். அவளுடைய கார்டை, அவளுடைய பாதுகாப்புக்காக!

“என் கார்டைப் போடுங்க,” என்று என் ஏ.டி.எம். கார்டை நீட்டினேன். அதுவும் எடுக்கவில்லை. வெளிநாட்டில் வேலை செய்ய வேண்டுமானால் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அதைத் திறந்து வைக்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? இத்தனை வருஷமாகப் பத்திரிகையில் ஊர் உலகத்துக்கு யோசனை சொல்லி எழுதுகிற எனக்கே தெரியாது.

பேங்குக்குப் போன் போட்டோம். என் போனில்தான் ரோமிங் இருந்தது. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, கார்டு நம்பரை அடி, பொறுமைக்கு நன்றி, மியூசிக். மறுபடி நன்றி, மறுபடி மியூசிக். நர்ஸ் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். “ஆச்சாம்மா?” இதோ என்றோம். இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் ஒரு ஆண் குரல் கிடைத்தது. மலாயில், ‘அம்மா’ என்பதற்கு வரிக்கு வரி ‘புவான்’ போட்டு, மிகவும் மரியாதையாகப் பேசினார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

கார்டில் போதுமான அளவு மிச்சம் இல்லை என்றார். எப்படி இல்லாமல் போகும் என்று விஜயா கேட்டாள். பணமாற்றுக் கடையில் நீங்கள் செய்தது கேஷ் அட்வான்ஸ், புவான், என்றார். கார்டைக் கொடுத்து வெளிநாட்டுப் பணம் வாங்கினால் அது சாமான் வாங்கியதாக ஆகாதாம். பேங்கிடம் ரொக்கம் கடன் வாங்கியதாக ஆகுமாம். அதற்குத் தனிக் கட்டணம் நூற்றைம்பது வெள்ளி ஏறியிருக்கிறது. வட்டியும் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு மாதத் தவணை எல்லாம் ரொக்கத்துக்குக் கிடையாது.

“ரொக்கமா? நான் காசே தொடலையே!” என்று தமிழிலேயே கத்திவிட்டாள் விஜயா. அப்புறம் மலாய்க்கு மாறினாள். “ஹலோ... அன்னைக்கு வெள்ளிக்கிழமை! வெள்ளிக்கிழமை நான் எப்படிக் காசு எடுப்பேன்?”

எந்த வெள்ளிக்கிழமை, புவான், என்று கேட்டுக் கீபோர்டில் தட்டினார். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்? அவருடைய கம்ப்யூட்டரில் அதற்குப் பொத்தான் இருக்காது.

“எவ்வளவு குறையுது?” என்று நான் கேட்டேன்.

சொன்னார். எழுபது வெள்ளிக்கும் குறைவு.

இந்த இடத்தைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் காசு எங்களிடம் இருந்தது! என் கைப்பையில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஏர்போர்ட் ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் என்று மடித்து வைத்திருந்த ரூபாய். அதில் இதைப் போல இரண்டு பங்கு இருந்தது. இவ்வளவு குறைகிறது என்று ஒருவர், ஒரே ஒருவர், அந்த மெஷினாவது சொல்லியிருந்தால், கார்டில் கொஞ்சம் குறைத்து இழுத்து மீதியைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு அது தோன்றவில்லை. கவுன்டர் தம்பிக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது கார்டு பூட்டியிருந்தது.

“சரி, கார்டைத் திறந்து விடுங்க, குறைச்சு இழுக்கிறோம்,” என்றேன். திறக்கலாம், புவான், ஆனால் சரிபார்க்க வேண்டும், உங்கள் பதிவு செய்த நம்பருக்கு ஒரு மெசேஜ் வரும் என்றார். விஜயாவின் நம்பர்! அந்த சிம்மைக் கழற்றி, இந்திய சிம் போட்டிருந்தாள். பழைய சிம் லாட்ஜில், பெட்டிக்குள், ஒரு டிஷ்யூவில் சுற்றி.

நான் ஆட்டோ பிடித்து ஓடினேன். எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மூச்சு வாங்க மாடிப்படி ஏறும்போதே விஜயா பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இவன் பெயர் இல்லாமல் லிஸ்ட் உள்ளே போய்விட்டது. டாக்டர் உள்ளே கடைசி ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

“திங்கட்கிழமை வர்றீங்களாம்மா? முதல் ஆளா எடுக்கச் சொல்றேன்,” என்றார் நர்ஸ். அந்தப் பெண்ணுக்கே கண் கலங்கியிருந்தது. திங்கட்கிழமைக்கு நாங்கள் எங்கே போவது? மூன்று பேருக்குப் புது டிக்கெட் என்றால் இன்னொரு கண்ணையே வாங்கிவிடலாம். விஜயாவின் லீவும் முடிகிறது. ஒரு நாள் பிந்தினால் அந்த ஃபேக்டரியில் என்ன நடக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

மணியம் உள்ளேயிருந்து வந்தான். பச்சைச் சட்டையைக் கழற்றித் தன் சட்டையை மாட்டியிருந்தான். பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான். சொட்டு மருந்து விட்டதால் அந்தக் கண்ணின் கருமணி பெரிதாக விரிந்து, வெளிச்சம் பட்டுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. புருவத்துக்கு மேலே இன்னும் அந்த ஸ்டிக்கர். நர்ஸ் அருகில் வந்து மெதுவாக உரித்து எடுத்தார்.

“பரவால்ல லா... ஒண்ணு ஆச்சுல்ல,” என்றான்.

என் தம்பி சின்ன வயதில் கீழே விழுந்தாலும் அழ மாட்டான். அன்றைக்கு அழுதானா, அது மருந்துத் தண்ணீரா? நான் கேட்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்தோம். சாமி ரூமில் காசு வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தது. விஜயா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றவில்லை. எண்ணக்கூட இல்லை. காலையில் கொண்டுபோய் பேங்கில் கட்டிவிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போனாள்.

லைசென்ஸ் டாக்டரிடம் மணியத்தோடு நான் போனேன். ஆபரேஷன் ஆன கண்ணால் போர்டின் கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தான். டாக்டர் அந்தக் கண்ணை மூடச் சொன்னார். மூடினான். எந்த வரி தெரிகிறது என்று கேட்டார். எந்த போர்டு என்று கேட்டான் மணியம்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அவர்மேல் தப்பே இல்லை. நம் வீட்டுப் பிள்ளையை அந்த வேனில் ஏற்றி அனுப்புவோமா? சொல்லுங்கள்.

இப்போது டிரைவருக்குச் சம்பளம் போனால் வேனில் மிஞ்சுவது எண்ணெய்க் காசு. டிரைவர் வேகமாக ஓட்டுகிறார் என்று இரண்டு மூன்று வீட்டில் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் மணியம் கூடவே போய் உட்கார்கிறான். “மெதுவா போ, மெதுவா போ” என்று சொல்வதற்கு. பாதி ரோடு தெரிகிறவன் ரோடு சொல்கிறான். விஜயா ஓ.டி. மேல் ஓ.டி. செய்கிறாள். எனக்கு எழுத்துக்கு என்ன தருகிறார்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

எனக்கு யாரிடமாவது சண்டை போட வேண்டும்போல இருந்தது. நானா கடைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். “அல்லாவே, எனக்குத் தெரியாதே அக்கா... எங்க பக்கம் நாங்க ஒண்ணும் எடுக்கலையே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மெஷினைக் கவுன்டருக்குக் கீழே எடுத்து வைத்துவிட்டார். இவரோடு எப்படிச் சண்டை போடுவது?

விஜயா அரை நாள் லீவு போட்டாள். பேங்குக்கு அவளோடு போனேன். அங்கே ஒரு சின்னப் பெண், மரியாதை தப்பாமல், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து விளக்கினாள். கார்டு வாங்கும்போதே இதற்கெல்லாம் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அக்கா. எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது.

ஆக, நானா பக்கம் சரி. பேங்க் பக்கம் சரி. திருச்சி ஆஸ்பத்திரி பக்கம் சரி. லைசென்ஸ் டாக்டர் பக்கம் சரி. எல்லார் பக்கமும் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது என் தம்பி மட்டும் எப்படி ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறான்? வில்லன் என்று ஒருவன் இருந்தால் சாபமாவது விடலாம். இங்கே ஒருவனும் இல்லையே!

எழுத்தைச் சின்னதாக்கினால் அது ஒளித்து வைத்ததாகாது என்று ஒரு சட்டம் எங்கோ இருக்கிறது போலும். கேட்டால் காட்டுவார்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு மட்டும். சார்ஜ் உண்டா என்று கேட்டால் போதாதாம். “இது சாமான் கணக்கா, ரொக்கக் கணக்கா?” என்று கேட்க வேண்டுமாம். உங்களில் எத்தனை பேருக்கு இப்படிக் கேட்கத் தெரியும்? கேளுங்கள், இனிமேலாவது கேளுங்கள். வெளியூர் போவதற்கு முன் கார்டைத் திறந்து வையுங்கள். பழைய சிம்மைக் கழற்றாதீர்கள். இதையெல்லாம் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். அவர்கள் அடுத்த கட்டணத்துக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது.

பேங்கிலிருந்து காடியில் திரும்பினோம். பீடோங் நெருங்கும்போது விஜயா சொன்னாள்:

“நான் சாமிக்குப் பயந்தேங்க்கா. பேங்குக்குப் பயந்திருக்கணும்.”

“உன்மேல என்ன தப்பு? விடு,” என்றேன். விடவில்லை. ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடி உட்கார்ந்துவிடுகிறாள் என்று மணியம் சொல்கிறான். அவள் முகத்தை நல்ல கண்ணால் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறதாம்.

இந்த சனிக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விஜயாவின் போன் சத்தம் போட்டது. பேங்க் மெசேஜ். நீண்ட நாள் வாடிக்கையாளர் என்பதால், நல்லெண்ண அடிப்படையில், அந்த நூற்றைம்பது வெள்ளிக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்களாம். அந்தச் சின்னப் பெண் எழுதிப் போட்டிருக்கிறாள் போலும். நல்ல பெண்.

ஃபேக்டரி வாட்ஸ்அப் குரூப்பில் விஜயாவுக்கு ஒரே பாராட்டு. பேங்க்காரன் கையிலிருந்தே காசைத் திருப்பி வாங்கிட்டியே, கில்லாடி லா நீ! கை தட்டுகிற படம், மாலை போடுகிற படம், பூங்கொத்து.

“என்னடி அவ்வளவு சத்தம்?” என்றான் மணியம்.

விஜயா போனை அவனிடம் நீட்டினாள். வாங்கினான். கையைத் துடைத்துக்கொண்டு, நன்றாகத் தெரிகிற கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, போனை மூக்குவரை கொண்டுபோனான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

“எங்க லா? ஒண்ணும் வரலையே,” என்றான்.